ராக்கெட் வண்டியில் அமர்ந்த மருத்துவர்

நடுவானில் விமானம் மணிக்கு 800, 900 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. எதிரே மடக்குமேசையில் வைத்த தேநீர் தளும்புவதில்லை. பக்கத்து இருக்கையில் குழந்தை அயர்ந்து தூங்குகிறது. அதே பயணி ஊர் திரும்பி டவுன் பஸ்ஸில் ஏறுகிறார். உட்கார இடமில்லை, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பஸ் மணிக்கு 20 கிலோமீட்டரில்தான் ஊர்ந்துகொண்டிருக்கிறது. குறுக்கே ஒரு மாடு வருகிறது, ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். நின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் முன்னால் சாய்ந்து ஒருவர்மேல் ஒருவர் விழப்போகிறார்கள்.

900 கிலோமீட்டர் வேகம் ஒரு தேநீர்க் கோப்பையைக்கூட அசைக்கவில்லை. 20 கிலோமீட்டர் வேகம் ஒரு பஸ் கூட்டத்தையே ஆட்டிவைக்கிறது. பயணம் செய்த எல்லோருக்கும் ஒருமுறையாவது இது தோன்றியிருக்கும். விடையும் எளியதுதான். ஆனால் அதை எண்ணாக மாற்றும்போதுதான் பள்ளி மாணவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். அந்த எண்ணைத்தான் இந்த அத்தியாயத்தில் பிடிக்கப்போகிறோம்.

உடலுக்குத் தெரியாத வேகம்

கலிலியோ 1632ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஒரு கப்பல் அறையைப் பற்றி எழுதினார். கப்பலின் கீழ்த்தட்டில், வெளியே எதுவும் தெரியாத ஓர் அறை. அதற்குள் சில பட்டாம்பூச்சிகள், ஒரு பாத்திரத்தில் நீந்தும் மீன்கள், மேலே தொங்கும் குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர். கப்பல் நிற்கும்போது இவற்றைக் கவனமாகப் பாருங்கள் என்கிறார். பிறகு கப்பல் ஆட்டமில்லாமல், ஒரே வேகத்தில் போகும்போதும் பாருங்கள். எந்த மாற்றமும் இருக்காது. அறைக்குள் நடப்பதை வைத்துக் கப்பல் நிற்கிறதா ஓடுகிறதா என்று சொல்லவே முடியாது.

நாம் எல்லோரும் இப்போதே அப்படியொரு கப்பலில்தான் இருக்கிறோம். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் பல பத்துக் கிலோமீட்டர் கடந்துவிட்டீர்கள். ஒன்றும் உறைக்கவில்லை.

ஆக, உடல் வேகத்தை அறிவதில்லை. வேகம் மாறுவதைத்தான் அறிகிறது. அந்த மாற்றமும் எவ்வளவு சட்டென்று நடக்கிறது என்பதைப் பொறுத்தே அது நம்மை உலுக்குகிறது. பஸ் 20 கிலோமீட்டரிலிருந்து மெல்ல மெல்ல அரை நிமிடத்தில் நின்றிருந்தால் ஒருவரும் சாய்ந்திருக்கமாட்டார்கள். விமானமும் ஓடுபாதையில் விரையத் தொடங்கும்போது நம் முதுகை இருக்கையோடு அழுத்தத்தான் செய்கிறது. ஆனால் அதன் வேகம் அப்போது நடுவானில் போவதைவிட மிகக் குறைவு.

மாற்றமும் நேரமும்

இங்கே சில சொற்களை ஒருமுறை தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு வண்டி எவ்வளவு விரைவாகப் போகிறது என்பது வேகம். எந்தப் பக்கம் போகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் திசைவேகம். இந்தத் திசைவேகம் ஒவ்வொரு விநாடிக்கும் எவ்வளவு மாறுகிறது என்பது முடுக்கம். வேகம் கூடினாலும் முடுக்கம்தான், குறைந்தாலும் முடுக்கம்தான். வேகம் அப்படியே இருக்க, வளைவில் பஸ் திரும்பினாலும் முடுக்கம்தான், ஏனென்றால் திசை மாறிவிட்டது. வளைவில் நம் தோள் பக்கத்தில் இருப்பவர்மேல் இடிப்பது அதனால்தான்.

இந்த மாற்றம் எல்லாக் கணங்களிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஓட்டுநர் முதலில் பிரேக்கை அழுத்தி மிதிக்கிறார், பிறகு தளர்த்துகிறார், மறுபடி மிதிக்கிறார். ஒவ்வொரு கணத்தையும் பின்தொடர நம்மிடம் கருவி இல்லையென்றால் என்ன செய்வது? தொடக்கத்தில் திசைவேகம் எவ்வளவு, முடிவில் எவ்வளவு, இடையே எத்தனை விநாடி கழிந்தது என்று மட்டும் கேட்கலாம். முடிவுத் திசைவேகத்திலிருந்து தொடக்கத் திசைவேகத்தைக் கழித்து, கழிந்த நேரத்தால் வகுத்தால் கிடைப்பது சராசரி முடுக்கம்.

வங்கிப் பாஸ்புக்கில் மாதத்தின் முதல் நாள் இருப்பையும் கடைசி நாள் இருப்பையும் மட்டும் பார்ப்பதைப் போன்றது இது. எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்பது சரியாகத் தெரியும். நடுவில் எப்போது எவ்வளவு எடுத்தோம், போட்டோம் என்பது தெரியாது. சராசரி முடுக்கத்தின் பலமும் இதுதான், குறையும் இதுதான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிதாக உதவும்.

ஹாலோமன், 1954

இனி ஒரு கணக்கு. பாடநூல்களில் வழக்கமாக ஒரு கார் வரும், ஒரு ரயில் வரும், அவை எங்கே போகின்றன என்று யாருக்கும் தெரியாது. நான் உண்மையில் நடந்த ஒரு பயணத்தையே எடுத்துக்கொள்கிறேன். மொத்தமும் சில விநாடிகளில் முடிந்துபோன பயணம். அதில் அமர்ந்திருந்தவர் ஜான் பால் ஸ்டாப், அமெரிக்க விமானப்படையின் மருத்துவர்.

அந்தக் காலத்தில் விமான வடிவமைப்பாளர்களிடையே ஒரு நம்பிக்கை இருந்தது: ஈர்ப்பு தரும் முடுக்கத்தைப்போல 18 மடங்குக்கு மேல் மனித உடல் தாங்காது. விமானிகளின் இருக்கைகளும் பட்டைகளும் அந்த எண்ணை வைத்தே வடிவமைக்கப்பட்டன. அதற்கு மேலான அதிர்ச்சியில் விமானி எப்படியும் இறந்துவிடுவார், பிறகு இருக்கையை வலுவாக்கி என்ன பயன் என்பது அவர்களுடைய கணக்கு. ஸ்டாப் அதை ஏற்கவில்லை. இறந்துபோன விமானிகளில் பலர் அதிர்ச்சியால் அல்ல, இருக்கை பிய்ந்தும் பட்டை அறுந்தும் மோதியதால் இறந்தார்கள் என்பது அவருடைய எண்ணம். அதைச் சோதிக்க வேறொருவரை உட்காரவைக்க மனமில்லாமல், தானே உட்கார்ந்தார்.

1954 டிசம்பர் 10. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஹாலோமன் விமானப்படைத் தளத்தில், பாலைவனத்தின் நடுவே நேராக நீண்ட தண்டவாளம். அதன்மேல் ‘சோனிக் விண்ட்’ என்ற பெயர்கொண்ட வண்டி. பின்னால் ஒன்பது ராக்கெட்டுகள். முன்னால் கண்ணாடித் தடுப்பு எதுவும் இல்லாத இருக்கையில், கைகால்களையும் மார்பையும் பட்டைகளால் இறுக்கிக்கட்டி, தலைக்கவசத்தோடு 44 வயது ஸ்டாப். இந்த ஓட்டத்தில் பார்வை போய்விடக்கூடும் என்று அவர் அஞ்சியிருந்தார். அப்படி நேர்ந்தால் பிறர் கையை எதிர்பார்க்கக்கூடாது என்பதற்காக இருட்டில் உடை மாற்றிக்கொள்ளப் பழகியும் வைத்திருந்தார்.

ராக்கெட்டுகள் ஏறத்தாழ 5 விநாடி எரிந்தன. வண்டி மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. படம் பிடிப்பதற்காக மேலே பறந்துகொண்டிருந்த ஜெட் விமானத்தைப் பின்னால் விட்டுவிட்டது. பிறகு வண்டியின் அடியில் இருந்த அகப்பை போன்ற அமைப்பு, தண்டவாளங்களுக்கு நடுவே தேக்கியிருந்த தண்ணீரில் இறங்கியது. தண்ணீரை வாரி இறைத்தபடி 1.4 விநாடியில் வண்டி நின்றது.

முதலில் அலகு

மேலே கிடைத்தவை மூன்று எண்கள்: 1,017 கிலோமீட்டர், 5 விநாடி, 1.4 விநாடி. கணக்குக்கு இது போதும். ஆனால் வேகம் மணிக்கணக்கில் இருக்கிறது, நேரமோ விநாடியில் இருக்கிறது. இப்படியே வகுத்தால் வரும் எண்ணுக்குப் பொருள் சொல்வது கடினம். மாணவர்கள் இழக்கும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் போகிறது.

ஒரு மணி நேரத்தில் 3,600 விநாடிகள், ஒரு கிலோமீட்டரில் 1,000 மீட்டர். ஆகவே மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை 3.6ஆல் வகுத்தால் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைத்துவிடும். 1,017ஐ 3.6ஆல் வகுத்தால் 282.5. அதாவது ஸ்டாப் ஒவ்வொரு விநாடிக்கும் 282.5 மீட்டர் கடந்துகொண்டிருந்தார். சேப்பாக்கம் மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு விநாடிகூட ஆகியிருக்காது.

இப்போது ஓட்டத்தின் முதல் பாதி. தொடக்கத்தில் வண்டி நின்றுகொண்டிருந்தது, திசைவேகம் 0. ஐந்து விநாடிக்குப் பிறகு 282.5. மாற்றம் 282.5. அதை 5ஆல் வகுத்தால் 56.5. ஒவ்வொரு விநாடியும் வண்டியின் வேகம், சராசரியாக, விநாடிக்கு 56.5 மீட்டர் என்ற அளவில் கூடிக்கொண்டே போனது.

‘விநாடி’ என்பது இங்கே இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். ஒன்று வேகத்துக்கு உரியது, மற்றது அந்த வேகம் மாறும் விரைவுக்கு உரியது. புத்தகங்கள் இதை ‘மீட்டர்/விநாடி²’ என்று சுருக்கி எழுதுகின்றன. விநாடியை வர்க்கமாக்குவது என்றால் என்ன என்று குழம்பி நிற்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். குழம்ப ஒன்றுமில்லை, விநாடியால் இரண்டு முறை வகுத்தோம், அவ்வளவுதான்.

இனி இரண்டாம் பாதி. தொடக்கத் திசைவேகம் 282.5, முடிவு 0, நேரம் 1.4 விநாடி. முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் −282.5. அதை 1.4ஆல் வகுத்தால் −201.8. சுற்றாகச் சொன்னால் −202.

இந்த எண்களின் கனம் புரிய, நமக்குப் பழகிய ஒன்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கையிலிருந்து விட்ட கல், காற்றுத் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 9.8 மீட்டர் வீதம் வேகம் கூடி விழுகிறது. பூமி தரும் இந்த முடுக்கத்தை ‘ஜி’ என்பார்கள். கிளம்பும்போது ஸ்டாப் உணர்ந்தது சராசரியாக 5.8 ஜி. நிற்கும்போது 20.6 ஜி. 75 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 20.6 ஜி என்றால், உடலின் எடை ஒன்றரை டன்னைத் தாண்டிவிட்டதுபோல் பட்டைகள் அவரை அழுத்திப் பிடிக்கும்.

கூடிய வேகமும் குறைந்த வேகமும் ஒரே 282.5தான். வகுத்த நேரம் மட்டும் வேறு.

கழித்தல் குறி சொல்வது என்ன?

−202இன் முன்னால் நிற்கும் அந்தச் சின்னக் கோட்டைப் பலர் விடையிலிருந்து அழித்துவிடுகிறார்கள். அது பிழையைக் காட்டும் அடையாளம் அல்ல. வண்டி போன திசையைக் கூட்டல் என்று நாம் வைத்துக்கொண்டோம், முடுக்கம் அதற்கு எதிர்த்திசையில் இருந்தது என்று அந்தக் குறி சொல்கிறது. ஸ்டாப்பை முன்னோக்கிப் போகவிடாமல் பட்டைகள் பின்னோக்கி இழுத்தன.

பாடநூல்கள் இதற்கு எதிர் முடுக்கம் என்று தனிப் பெயர் தருகின்றன. தொடக்கநிலை மாணவருக்கு இந்தப் பெயரை முதலிலேயே கற்றுக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முடுக்கம் என்பது வேகம் கூடுவது, எதிர் முடுக்கம் என்பது குறைவது என்று இரண்டு தனிப் பொருள்களாக அது மனத்தில் பதிந்துவிடுகிறது. பின்பக்கமாகப் போகும் வண்டி வேகம் எடுக்கும்போதும் முடுக்கத்துக்குக் கழித்தல் குறிதான் வரும், அங்கே வேகம் குறையவில்லை. ‘முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழி’ என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டால் குறி தானாகச் சரியாக வந்து நிற்கும். எது பெரியதோ அதிலிருந்து சிறியதைக் கழிக்கும் பழக்கம்தான் ஆபத்து.

தூரத்தால் ஏன் வகுக்கவில்லை?

நியாயமான கேள்வி. வண்டி ஒரு கிலோமீட்டருக்குள் இத்தனை வேகம் பெற்றது, ஆகவே ஒவ்வொரு மீட்டருக்கும் வேகம் எவ்வளவு கூடியது என்று பார்த்தால் என்ன?

இந்தக் கேள்வியில் கலிலியோவே சில காலம் சிக்கியிருந்தார். 1604இல் பாவ்லோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில், விழும் பொருளின் வேகம் அது கடந்த தூரத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று எடுத்துக்கொண்டார். பின்னர்தான் நேரத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்ற முடிவுக்கு வந்தார். 1638இல் வெளியான அவருடைய கடைசிப் பெருநூலில் அந்தத் திருத்தப்பட்ட விதிதான் இருக்கிறது. தூரத்தை வைத்துப் பார்த்தால் ஒரு சிக்கல் வருகிறது: நிற்கும் பொருள் இன்னும் எந்தத் தூரமும் கடக்கவில்லை, ஆகவே அதற்கு வேகம் இல்லை. வேகம் இல்லையென்றால் தூரம் கடக்க முடியாது. அது விழவே தொடங்காது! நேரத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. பொருள் நின்றாலும் ஓடினாலும் நேரம் கழிந்துகொண்டுதான் இருக்கிறது.

பயணம் முழுவதற்கும் சராசரி எடுத்தால்

இப்போது ஒரு விசித்திரமான கணக்கு. ராக்கெட் பற்றிய கணம் தொடங்கி வண்டி நின்ற கணம் வரை, முழு ஓட்டத்துக்கும் ஸ்டாப்பின் சராசரி முடுக்கம் என்ன?

தொடக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார், திசைவேகம் 0. முடிவிலும் நின்றுவிட்டார், திசைவேகம் 0. 0இலிருந்து 0ஐக் கழித்தால் 0. அதை எத்தனை விநாடியால் வகுத்தாலும் 0தான். முழுப் பயணத்தின் சராசரி முடுக்கம் பூஜ்யம். கணக்கில் ஒரு தவறும் இல்லை.

ஆனால் வண்டியிலிருந்து தூக்கப்பட்டவரின் கண்களில் ரத்த நாளங்கள் வெடித்திருந்தன. சிறிது நேரம் அவருக்குப் பார்வை தெரியவில்லை. பிறகுதான் மெல்லத் திரும்பியது. பூஜ்யம் என்ற எண்ணுக்குள் இதெல்லாம் ஒளிந்திருக்கிறது.

சராசரி முடுக்கத்தைக் கற்கும்போது உண்மையில் கற்கவேண்டியது வகுத்தலை அல்ல, நேரத்தை எங்கே வெட்டுவது என்பதைத்தான் என்று நான் கருதுவது இதனால். ‘சராசரி முடுக்கம் எவ்வளவு?’ என்ற கேள்வி அரைக் கேள்வி. ‘எப்போதிலிருந்து எப்போது வரை?’ என்று சேர்த்துக் கேட்டால்தான் அதற்கு விடை உண்டு. தேர்வுத்தாளில் அந்த இரண்டு முனைகளையும் வினாவே சொல்லிவிடும். வெளியுலகில் அவற்றை நாமேதான் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுவும் எதைத் தெரிந்துகொள்ள நினைக்கிறோம் என்பதற்கு ஏற்ப.

20 ஜியா, 46 ஜியா?

ஸ்டாப்பைப் பற்றி எங்கே படித்தாலும் ‘46.2 ஜி’ என்ற எண்தான் இருக்கும். நமக்கு வந்ததோ 20.6. யார் சொல்வது சரி?

இரண்டுமே சரி. 46.2 என்பது கருவிகள் பதிவுசெய்த உச்சம், நிறுத்தத்தின் மிகக் கொடிய கணத்தில் இருந்த முடுக்கம். 20.6 என்பது அந்த 1.4 விநாடி முழுவதற்குமான சராசரி. வண்டி சீராக நிற்கவில்லை. தண்ணீரைக் கிழித்துப் போகும் எந்தப் பொருளுக்கும் வேகம் அதிகமாக இருக்கும்போது தடையும் மிக அதிகம். வேகம் குறையக் குறையத் தடையும் தளரும்.

இதை எண்ணில் காண, 1.4 விநாடியை இரண்டாக வெட்டுவோம். இனி வரும் பிரிவினை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டது, அன்றைய பதிவிலிருந்து எடுத்ததல்ல. முதல் 0.4 விநாடியில் 150 குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துண்டின் சராசரி முடுக்கம் −375, அதாவது 38 ஜிக்கு மேல். மீதமிருந்த 132.5 அடுத்த 1 விநாடியில் குறைந்தது. அந்தத் துண்டுக்கு −132.5, சுமார் 13.5 ஜி. மொத்தத்துக்கு அதே −201.8.

இங்கே ஓர் எச்சரிக்கை. 375ஐயும் 132.5ஐயும் கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள், 253.75 வருகிறது. 201.8 அல்ல. இரண்டு துண்டுகளின் நேரமும் ஒன்றல்ல, நீண்ட துண்டுக்குக் கனம் அதிகம். துண்டுகளின் முடுக்கங்களைக் கூட்டி எண்ணிக்கையால் வகுக்கும் பழக்கம் ‘சராசரி’ என்ற சொல்லைக் கேட்டவுடனே கை தானாகச் செய்வது. எல்லாத் துண்டுகளும் சம நேரமாக இருந்தால் மட்டுமே அது சரிவரும். எப்போதும் இரு முனைகளுக்குத் திரும்புங்கள்: மொத்த மாற்றம், மொத்த நேரம்.

வெட்டுவதை இன்னும் தொடரலாம். 0.4ஐ நாலாக, அதில் ஒன்றைப் பத்தாக. துண்டு சிறுத்துக்கொண்டே போக, அதன் சராசரி அந்தக் கணத்தின் உண்மையான முடுக்கத்தை நெருங்கிக்கொண்டே போகும். கருவிகள் காட்டிய 46.2 ஜி அப்படி மிக மெல்லிய ஒரு துண்டிலிருந்து கிடைத்ததுதான். 18 ஜிதான் எல்லை என்ற பழைய நம்பிக்கைக்கு அந்த எண் இடமே வைக்கவில்லை. ஸ்டாப் அதற்குப் பிறகும் 45 ஆண்டுகள் வாழ்ந்து, 1999இல் 89ஆம் வயதில் காலமானார்.

சாலைக்கு வந்த கணக்கு

விமானப்படையினர் விமான விபத்தில் இறப்பதைவிடக் கார் விபத்தில் இறப்பது அதிகம் என்பதை ஸ்டாப் கவனித்தார். அவருடைய அக்கறை சாலைப் பக்கம் திரும்பியது. 1955இலிருந்து கார் மோதல் ஆய்வாளர்களை ஆண்டுதோறும் கூட்டினார். 1966இல் அதிபர் லிண்டன் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது அவரும் அங்கே இருந்தார். 1968 முதல் அமெரிக்காவில் விற்கும் புதிய கார்களில் இருக்கைப்பட்டை கட்டாயமானது.

பட்டை என்ன செய்கிறது என்பதை இப்போது நாமே கணக்கிட்டுவிடலாம். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் சுவரில் மோதுகிறது. 50ஐ 3.6ஆல் வகுத்தால் 13.9. காரின் முன்பகுதி நசுங்கி, வண்டி நிற்க 0.1 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டை அணிந்தவர் காரோடு பிணைக்கப்பட்டிருக்கிறார், அவருக்கும் ஏறத்தாழ அதே 0.1 விநாடி கிடைக்கிறது. 13.9ஐ 0.1ஆல் வகுத்தால் 139, சுமார் 14 ஜி. வலிக்கும், பட்டை பட்ட இடம் கன்றிப்போகும், ஆனால் பிழைத்துக்கொள்ளலாம்.

பட்டை அணியாதவருக்கு அந்த 0.1 விநாடி பயன்படுவதில்லை. கார் நசுங்கிக்கொண்டிருக்கும்போது அவர் பழைய 13.9 வேகத்திலேயே முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். ஏற்கெனவே நின்றுவிட்ட முன்பலகையில் மோதி 0.01 விநாடியில் நிற்கிறார் என்று கொண்டால், 1,390. அதாவது 140 ஜிக்கு மேல். ஸ்டாப்பின் உச்சத்தைப்போல மூன்று மடங்கு, அதுவும் உடலெங்கும் பரவிய பட்டைகளில் அல்லாமல் நெற்றியிலோ மார்பிலோ ஒரே இடத்தில்.

அந்த இடத்தில் எவ்வளவு விசை விழுகிறது என்று கேட்டால் முடுக்கம் மட்டும் போதாது. மோதுகிறவரின் நிறையும் வேண்டும். நிறையையும் முடுக்கத்தையும் சேர்த்துக் கட்டியவர் நியூட்டன். அடுத்த அத்தியாயம் அவருடையது.